தொட்டால் கத்தும் ஆடு

அத்தியாயம் 6

வள்ளித்தாய் தன் ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் அதற்கு அணை கட்டிக்கொண்டாள்.

"இதைப் பாருங்கக்கா. எம்பிள்ள இதுக்குள்ள இருந்துதான் கூப்பிடுதா."

சொர்ணத்தாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். காவல்துறையில் இருபத்தேழு வருஷம் ஏட்டம்மாவாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள் அவள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. குடிப்பானா, எவ்வளவு குடிப்பான், குடித்தால் அடிப்பானா, அவ்வளவுதான். உதவியாள் யாசின் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். மாப்பிள்ளையின் மாமனைவிட இவன் அதிகம் பேசுகிறான் என்று நாலு கல்யாண வீட்டில் விரட்டியதால் இங்கே வந்து சேர்ந்தவன்.

ஃபோனில் ஒரு சமையல் வீடியோ கிளம்பியது. வெங்காயம் வதங்குவதற்குள் விளம்பரம் குறுக்கே விழுந்தது. பச்சைப் பசேலென்று ஒரு சோளக்காடு, அதற்கு நடுவே வலை கட்டி அடைத்த ஆட்டுக்கிடை, முன்னால் ஒரு கறுப்பு ஆடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. 'என்னைத் தொடுங்க' என்று எழுத்து மின்னியது.

யாசின் தொட்டான். ஆடு கழுத்தைத் திருப்பி, அவனை நேராகப் பார்த்துக் கத்தியது. 'ஆட்டு எரு கிடைக்கும்' என்ற எழுத்தோடு விளம்பரம் முடிந்தது.

"ஆட்டு எருவுக்கு இவ்வளவு ஜோடனையா? சினிமாக்காரன் தோத்தான் போங்க. ஆனா மனுசன் ஃபோன் நம்பர் போட மறந்துட்டாரு," என்றான் யாசின்.

"அது எங்க ஆடுக்கா, எங்க காரி," என்றாள் வள்ளித்தாய். "எடது காது பாதி கெடையாது பாருங்க, நாய் கடிச்சது. உமா புட்டிப்பால் குடுத்து வளத்த குட்டி. அதைப் படம் புடிச்சு வச்சிருந்தது அவ ஒருத்திதான்."

மகள் உமாதேவிக்கு இருபத்து நாலு வயது. கோவில்பட்டியில் 'விழித்திரை' என்ற ஸ்டுடியோவில் வேலை. இணையத்தில் ஓடும் வீடியோ விளம்பரங்களைத் தொட்டால் பேசும்படி, தொட்டால் மாறும்படி வடிவமைப்பது அவள் தொழில். ஒரு நகைக்கடைக்கு அவள் செய்த மூக்குத்தி விளம்பரம் இந்த வட்டாரத்தையே ஆட்டிவைத்தது. பெண்கள் ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தால் போதும், அவரவர் மூக்கில் மூக்குத்தி ஏறி உட்கார்ந்துகொள்ளும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தவள், "யம்மா, அந்த விளம்பரத்தை நாம பாக்கல. அதுதான் நம்மளப் பாக்குது" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. கூப்பிட்டால் ஃபோனும் அணைந்திருந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில், வயசுப் பிள்ளை, தானாக வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

"உசுரோட இருக்காளா அக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் பழக்கம் சொர்ணத்தாய்க்குக் கிடையாது. அந்தத் தாயின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தாள்.

'விழித்திரை' மூன்றாவது மாடியில் இருந்தது. இவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலாளி கோகுலகிருஷ்ணன் சுவரில் இருந்த பெரிய திரையை ரிமோட்டால் அணைத்தார். அணைவதற்குமுன் யாசினுக்குத் தெரிந்தது ஒரு வரைபடமும் சில சிவப்புப் புள்ளிகளும்தான். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெதுவான குரல். தண்ணீரைத் தானே ஊற்றிக் கொடுத்தார்.

"உமா இல்லாம ஒரு கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு மேடம். ஆபீஸ் ஹார்ட் டிஸ்க் ஒண்ணும் காணலை. அது போனாப் போகட்டும், பொண்ணு நல்லா இருந்தாப் போதும்."

சொர்ணத்தாய் ஆட்டு விளம்பரத்தைக் காட்டினாள். அவர் பார்த்தார். கண் கலங்கிய மாதிரி இருந்தது.

"இது உமா கைவேலைதான். இந்தப் பக்கம் வேற யாருக்கும் இப்படிச் செய்ய வராது. யாருக்கோ பயந்து ஒளிஞ்சிருக்கா. வீட்டுக்குச் சேதி அனுப்புறா." யாசின் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க நம்பர் குடுங்க. இதோட முழு வடிவம் எங்கிட்ட இருக்கு, அனுப்புறேன். போற இடத்துல எல்லாம் ஆட்டைத் தொட்டுப் பாருங்க. அவ இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல போனா ஆடு வேற மாதிரி கத்தும்னு நினைக்கிறேன். அப்படி ஒரு உத்தி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அங்கேயே தொட்டுப் பார்த்தான் யாசின். கேமராவை அனுமதிக்கவா, இருப்பிடத்தை அனுமதிக்கவா என்று ஃபோன் கேட்டது. அனுமதி, அனுமதி என்று இரண்டு தட்டு தட்டினான். ஆட்டுக்குப் பக்கத்தில் அவன் முகமும் வந்து நின்றது.

"பொருத்தமாத்தான் இருக்கு," என்றாள் சொர்ணத்தாய். "எது ஆடுன்னு எழுதிப் போடச் சொல்லு."

படியிறங்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஏலே யாசின், விளம்பரம்னா எதையாவது விக்கணும்லா? நம்பர் இல்ல, கடை இல்ல, ஊர் இல்ல. இது எதை விக்கி?"

"பாசத்தை விக்குதுக்கா. தாய்ப் பாசம், ஆட்டுப் பாசம்."

"வாயை மூடிட்டு வண்டிய எடு."

வாயை மூடினாலும் யாசினுக்கு மூளை ஓடும். மதியத்துக்குள் சுற்றுவட்டாரத்து கல்யாண வீடியோக்காரர்கள் பதினாறு பேருக்கு ஃபோன் போட்டுவிட்டான். கடம்பூரில் ஒரு போளிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, போளி சுற்றிவந்த காகிதத்தில் எண்ணெய்க் கறை இல்லாத இடமாகப் பார்த்து வட்டம் வட்டமாகப் போட்டான்.

"இந்த விளம்பரம் எல்லா ஊர்லயும் ஓடலக்கா. வரைபடத்துல ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள இருக்க ஃபோனுக்கு மட்டும் காட்டலாம். கோவில்பட்டில தெனமும் ஓடுது. அதுபோக, திங்கக்கிழம இங்க, கடம்பூர்ல ஓடியிருக்கு. செவ்வாய் மணியாச்சி. நேத்து எட்டயபுரம். இன்னைக்குக் காலைல இருந்து விளாத்திகுளம். ஒரு நாளைக்கு ஒரு வட்டம். பிள்ள நகந்துட்டே இருக்கா. விளம்பரமும் கூடவே நகருது."

"ஒளியப் போறவ தமுக்கடிச்சுட்டா போவா?"

சொர்ணத்தாய் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு ஃபோனைப் பற்றி அதிகம் தெரியாது. ஒளிகிறவர்களைப் பற்றி நிறையத் தெரியும். லாட்ஜில் ஒளிகிறவன் பேரெழுத வேண்டும், சொந்தக்காரன் வீட்டில் ஒளிகிறவள் பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இந்த இரண்டு கஷ்டமும் இல்லாத ஓரிடம் உண்டு.

வள்ளித்தாய்க்கு ஃபோன் போட்டாள். "உங்கூடப் பிறந்தவன் கடற்கரைன்னு சொன்னியே, அவன் கிடை இப்ப எங்கன கெடக்கு?"

"விளாத்திகுளத்துக்குக் கிழக்கக்கா. அவங்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். உமாவைக் கண்ணாலயே பாக்கலன்னு சொல்லிட்டான்."

"கேட்ட உடனே சொன்னானா, யோசிச்சுச் சொன்னானா?"

"உடனேதான் சொன்னான்."

"மருமகளக் காணும்னா எந்த மாமனும் முதல்ல பதறுவான்," என்றாள் சொர்ணத்தாய், யாசினைப் பார்த்து. "பதறாம பதில் சொல்லியிருக்கான். வா போவோம்."

பங்குனி வெயிலில் கரிசல்காடு வாயைப் பிளந்து கிடந்தது. அறுப்பு முடிந்து ஒரு பொட்டுப் பச்சை இல்லை. களங்களில் காய்ந்த மிளகாய் நெடி மூக்கில் ஏற, யாசின் தும்மிக்கொண்டே ஓட்டினான். எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது ஆட்டைத் தொட்டான். கத்தல் மாறவில்லை. விளாத்திகுளம் விலக்கில் தொட்டான். அதே கத்தல். பின்னால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் வருவதும் நிற்பதுமாக இருந்தது. இந்த ரோட்டில் யாரும் எதற்கும் நிற்பார்கள் என்று அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிடையை அவர்கள் கண்டுபிடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தார் ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே, அறுத்த சோளத்தட்டைக் கட்டை காலில் குத்தும் ஒரு காடு. மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் அப்போதுதான் திரும்பி வலைக்குள் அடைபட்டுக்கொண்டிருந்தன. இருநூறு ஆடு இருக்கும். ராத்திரி முழுக்க அவை அங்கே படுத்துக் கிடந்து போடும் புழுக்கையும் மூத்திரமும்தான் காட்டுக்காரனுக்கு உரம். மூன்று ராத்திரி ஒரு காட்டில், பிறகு அடுத்தவன் காட்டில் என்று கிடை நகர்ந்துகொண்டே இருக்கும். கதவு இல்லாத வீடு, விலாசம் இல்லாத வீடு.

தாய்மாமன் கடற்கரை, கொக்கி வைத்த தொரட்டிக் கம்பை ஊன்றிக்கொண்டு வழியை மறித்தமாதிரி நின்றார். "யாரு நீங்க? என்ன வேணும்?"

"உமாவைப் பாக்கணும் அண்ணாச்சி. வள்ளித்தாய் அனுப்பிச்சா."

"அவ இங்கன வரலைன்னு தங்கச்சிட்ட அன்னைக்கே சொல்லிட்டனே."

"பிள்ள கூப்பிட்டுத்தான் வந்திருக்கோம்," என்றாள் சொர்ணத்தாய். "ஏலே, அண்ணாச்சிட்ட அதைக் காட்டு."

யாசின் ஃபோனை நீட்டி ஆட்டைத் தொட்டான். அந்தக் கத்தல் காட்டுக்குள் பரவியதும் வலைக்குள் இருந்த இருபது முப்பது ஆடுகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. நெற்றிச் சுட்டியும் அரைக் காதுமாக ஒரு கறுப்பு ஆடு வலையோரம் வந்து நின்று பார்த்தது.

கடற்கரை படத்தை உற்றுப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"காரி படம் சரிதான். ஆனா இதை உமா செஞ்சான்னு எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

"ஏன் அண்ணாச்சி?"

"கண்ணத் தொறந்து பாருங்க. பச்சைச் சோளம் ஆளுசரத்துக்கு நிக்கி, அதுக்குள்ள வலையக் கட்டி ஆட்டை அடைச்சிருக்கு. ஆடு என்ன, சோளத்த வேடிக்க பாத்துட்டு நிக்குமா? ஒரே ராத்திரில காட்ட மொட்டையடிச்சிரும். காட்டுக்காரன் நம்மள வெட்டிப் போட்டுருவான். அறுத்த காட்டுலதான் கிடை போடுவோம்னு எங்க வீட்டுல பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இது தார் ரோட்ட விட்டு எறங்காதவன் செஞ்ச வேலை."

சொர்ணத்தாய் நிமிர்ந்தாள்.

"உமா ஃபோன்ல இருந்த காரி படம் வேற யாருக்குக் கெடைக்கும்?"

"அவ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கும்," என்றான் யாசின். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே விஷயம் புரிந்துவிட்டது.

"இது விக்கலைலே," என்றாள் சொர்ணத்தாய். "வாங்குது."

ஆடுகளுக்கு நடுவே தலையில் துண்டு கட்டிக் குனிந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். இவ்வளவு நேரமும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். மெலிந்த முகம், தூக்கமில்லாத கண். வலையைத் தாண்டி வந்தவள் யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

"இங்கன வச்சு அதைத் தொட்டுட்டீங்களா அண்ணே?"

யாசின் தலையை மட்டும் ஆட்டினான்.

"அனுமதி குடுத்தீங்களா?"

அதற்கும் ஆட்டினான்.

உமாதேவி அப்படியே கரிசல் கட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "முடிஞ்சுபோச்சு மாமா."

அவள் சொன்னது இவ்வளவுதான். மூக்குத்தி விளம்பரத்துக்கு அனுமதி கொடுத்த பெண்களின் ஃபோன் கேமரா, விளம்பரம் முடிந்த பிறகும் அணையவில்லை. வீட்டுக்குள், அடுப்படியில், துணி மாற்றுகிற அறையில், அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தது. அத்தனையும் ஸ்டுடியோவில் போய்ச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள். தான் வடிவமைத்த விளம்பரத்துக்குள் கோகுலகிருஷ்ணன் அந்த வேலையைச் செருகி வைத்திருப்பதை அவள் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். அந்தப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் அவர் ஆள்கள் நின்றார்கள். அதனால் கிடையோடு கிடையாக நடந்தே தூத்துக்குடிக்குப் போய்ப் போலீஸ் மேலதிகாரியிடம் அதைக் கொடுத்துவிடலாம் என்று மாமனிடம் வந்துவிட்டாள்.

"காரியைப் பாத்தா நான் தொடாம இருக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அதான் ஊர் ஊரா இதை விட்டிருக்காரு. தொட்டா அவர் சுவத்துல புள்ளி விழும். நான் ஃபோனைத் தொறக்கவே இல்ல. பன்னெண்டு நாளா தொறக்கல." யாசினை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

அவன் கையில் ஃபோன் அதிர்ந்தது. கோகுலகிருஷ்ணனிடமிருந்து செய்தி.

'நன்றி தம்பி. அங்கேயே இருங்க.'

யாசினின் ஃபோன் கேமரா வழியே உமாதேவியை அவர் பார்த்திருக்க வேண்டும். அவன் செய்தியைச் சொர்ணத்தாயிடம் காட்டினான். கோகுலகிருஷ்ணன் பன்னிரண்டு நாள் தேடியும் கிடைக்காதவளை, வழி நெடுகத் தொட்டுத் தொட்டுக் கொண்டுபோய் அந்த ஆள் கையில் கொடுத்திருக்கிறான். வேட்டை நாய்க்குக்கூடத் தான் யாருக்காக ஓடுகிறோம் என்று தெரியும்.

"நானும்தான் உன்னைத் தடுக்கல," என்றாள் சொர்ணத்தாய். "இப்ப அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல. பிள்ள, டிஸ்க்கு எங்கன?"

உமாதேவி எருச்சாக்குக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை எடுத்தாள்.

"அண்ணாச்சி, ரோட்டுக்குப் போகாம விளாத்திகுளம் போக வழி இருக்கா?"

"ஓடைக்குள்ள வண்டிப்பாதை இருக்கு. தண்ணி கெடையாது. பைக்கு போகும்."

சொர்ணத்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். "பஸ் நிறுத்தத்துல நின்ன ஆளுவ எல்லாம் இப்ப இங்கன வாரானுவ. அப்ப ரோடு காலி. நான் பிள்ளையக் கூட்டிட்டு டிஎஸ்பி ஆபீசுக்குப் போறேன். சாவியக் குடு."

"அப்ப நான்?"

சொல்ல அவளுக்கும் கஷ்டமாக இருந்தது. "அவன் புள்ளியப் பாத்துட்டே வருவான். புள்ளி நின்னுட்டா சந்தேகம் வந்து திரும்பிருவான். நாங்க ஓடையத் தாண்டுத வரைக்கும் அது கத்திட்டே இருக்கணும்லே."

யாசினுக்குப் புரிந்தது. சாவியை எடுத்து நீட்டினான்.

"பெட்ரோல் கம்மியா இருக்குக்கா. மேட்டுல ரெண்டாவது கியர்ல போங்க."

உமாதேவி பைக்கில் ஏறுமுன் அவன் பக்கம் வந்தாள். "இனிமே கேமராவக் கையால மறைச்சே வச்சுக்கங்க அண்ணே. நீங்க தனியா நிக்கது தெரியக் கூடாது." பிறகு புழுதிதான் தெரிந்தது. அதுவும் ஓடைக்குள் இறங்கி மறைந்தது.

"நீங்களும் போயிருங்க அண்ணாச்சி," என்றான் யாசின்.

"இருநூறு உருப்படிய விட்டுட்டு எங்க போக?" கடற்கரை தொரட்டியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

யாசின் கேமராவை விரலால் மறைத்துக்கொண்டு தொட்டான். ஆடு கத்தியது. நிஜ ஆடுகள் தலை தூக்கின. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி தொட்டான். மேற்கே சூரியன் விழுந்து செம்மண் நிறத்தில் வானம் கொஞ்ச நேரம் நின்றது. எத்தனை முறை தொட்டான் என்று எண்ணவில்லை. கடைசியில் வண்டித்தடத்தின் மேல் வெள்ளைக் கார் ஏறி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வண்டி. கோகுலகிருஷ்ணன் இறங்கினார். கூட நாலு பேர். சோளக்கட்டை குத்தாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.

"எங்க தம்பி உமா?" அதே மெதுவான குரல்.

"ஆட்டுக்குள்ளதான் இருக்கா சார். ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாருங்க. வேற மாதிரி கத்துனா அதான் அவ."

கோகுலகிருஷ்ணன் சிரித்தார். கையைக் காட்டியதும் ஆள்கள் வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆடுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எருச்சாக்கைக் கொட்டினார்கள், கூடாரத் துணியை உருவினார்கள், அடுப்புக் கல்லைக்கூடப் புரட்டினார்கள். ஒருவன் வெளியே வந்து தலையை ஆட்டினான்.

அந்த நேரம் பார்த்து யாசின் கையில் ஃபோன் அதிர்ந்தது. அவன் பார்ப்பதற்குள் கோகுலகிருஷ்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டார். சொர்ணத்தாயிடமிருந்து வந்த செய்தியை வாய்விட்டு, நிதானமாகப் படித்தார்.

"'சேந்துட்டோம். டிஸ்க் டிஎஸ்பி கையில இருக்கு. பிள்ளையும் இங்கதான் இருக்கா. ஜீப் கிளம்பிட்டு. இருபது நிமிஷம் சமாளிச்சுக்கலே.'"

பன்னிரண்டு நாள் தேடியது கைவிட்டுப் போய்விட்டது என்பது அந்த முகத்தில் மெல்ல இறங்கியது. ஓடிவிடுவார் என்றுதான் யாசின் நினைத்தான். ஓடவில்லை. ஃபோனை அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தன் ஆள்களைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம்," என்றார். "போதும்."

நாலு பேரும் நெருங்கினார்கள். கடற்கரை தொரட்டியை ஓங்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார். உமாதேவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை யாரும் இனித் திருப்பி எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே யாசினும் கீழே கிடந்த வலைக்கம்பு ஒன்றைக் கையில் எடுத்தான்.